பிறைக் கணக்கு வாடகை

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த சர்தார் பாஷா சாயபுவுக்கு, வெள்ளைக்கார ராஜாவுக்கு வெள்ளிவிழா நடந்த அந்த வருடத்தில் இரண்டு ஆசைகள் இருந்தன. ஒன்று, கலெக்டர் சிபாரிசில் சர்க்கார் கொடுக்கிற கான் சாகிப் பட்டம். மற்றது, அந்தப் பட்டம் கைக்கு வருகிறவரை கலெக்டர் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பது.

இரண்டாவது ஆசைக்குக் காரணம் அவருடைய மோட்டார். மெட்ராஸில் வாங்கிய பச்சை மோட்டார். பங்களா காம்பவுண்டுக்குள் நுழைய முடியாத அகலம் அதற்கு. அதனால் ஷாப்பின் கிடங்கில், உப்புப் போட்ட ஆட்டுத்தோல் கட்டுகளுக்கு நடுவே நின்றது. தோலோடு தோலாக இரண்டு மாதம் இருந்தபின் ஒருநாள் அது கலெக்டர் துரையை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவரப் போனது. துரை ஏறினார், கைக்குட்டையை எடுத்தார், இறங்கும்வரை எடுத்த கையை இறக்கவில்லை. முப்பது வருஷம் தோல் விற்றுப் பங்களா கட்டிய மனிதருக்குத் தோலுக்கு நாற்றம் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மோட்டாருக்குத் தனி வீடு வேண்டும் என்று முடிவாயிற்று. பங்களா வாசலுக்கு நேர் எதிரே சாயபுவுக்குச் சொந்தமான ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அதில் பதினாலு வருஷமாகப் பெருமாள் குடியிருந்தான்.

பெருமாள் சாணை பிடிப்பவன். தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவுகிற இரட்டைப் பிடிக் கத்திகளைத் தீட்டிக் கொடுப்பது அவன் தொழில். சுற்றிலும் ஐந்து ஷாப்புகள். ஐந்துக்கும் அவன் ஒருவன். வீட்டின் முன்பாதியில் சாணைக்கல், பின்பாதியில் அவனும் மனைவி கங்கம்மாளும் மூன்று பிள்ளைகளும். கல் சுற்றுகிறபோது அடுத்த வீட்டுக்காரர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியபின் மீதியைப் பேசுவார்கள். இந்தப் புகழ் ஊர் முழுக்கப் பரவியிருந்ததால் வேறு எவனும் அவனுக்கு வீடு கொடுக்கத் தயாராக இல்லை. இந்த வீடு போனால் தொழிலும் கூடவே போய்விடும்.

சாயபுவின் கணக்குப்பிள்ளை மக்பூல் அகமது வந்து வாசலில் நின்றார்.

"பெருமாளு, மொதலாளி வீட்டைக் காலி பண்ணச் சொல்றாரு."

"யாரு பாய் குடித்தனம் வர்றாங்க?"

"மோட்டாரு."

கங்கம்மாள் உள்ளேயிருந்து கேட்டாள். "எத்தினி பேரு?"

"ஒண்ணுதாம்மா."

"நாங்க அஞ்சு பேரு இதுல முடங்கிக்கினு கெடக்கறோம். அது ஒண்ணுக்கு இம்மாம் பெரிய வீடு இன்னாத்துக்கு?"

மக்பூலுக்கு இது புதிய அனுபவம். நாலு வருஷத்துக்கு முன் இதே தெருவில் மூன்று குடும்பங்களை அவர் ஒரே வாக்கியத்தில் கிளப்பியிருந்தார். 'காலி பண்ணுங்க' என்றார், அவர்கள் பண்ணினார்கள். சட்டம் அவர்களுக்கும் இருந்தது. அதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெருமாள் முடியாது என்றான். சாயபு வேலூருக்குப் போய் பக்தவச்சலம் பி.ஏ., பி.எல். என்ற வக்கீலைப் பார்த்தார்.

பக்தவச்சலத்தின் அறையில் சட்டப் புத்தகங்கள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தவையே அதிகம். 'ஒரு சாணைக்காரனைக் கிளப்ப நானா?' என்று முகத்தைச் சுளித்து, சுளிப்புக்கும் சேர்த்துப் பீஸ் வாங்கிக்கொண்டு, தடித்த காகிதத்தில் ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி முடிய வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

பெருமாள் அதை மடித்து எடுத்துக்கொண்டு கோர்ட்டு வராந்தாவுக்குப் போனான். அங்கே கிருஷ்ணராஜ் என்ற இளம் வக்கீல் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் வழக்கமாகச் செய்கிற காரியம் அது. கேஸ் ஒன்றும் வராததால் சட்டப் பிரிவுகளைக் கடைசி வரி வரைக்கும் படித்துப் பார்க்க அவருக்கு அவகாசம் இருந்தது; அந்தத் தொழிலில் இது அபூர்வமான தகுதி.

"மாச வாடகைக்கு இருக்கிறவனை எழுப்பணும்னா பதினஞ்சு நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும். குடுத்துட்டா மட்டும் போதாது. உன் குடித்தன மாசம் என்னிக்கு முடியுதோ அன்னிக்கு நோட்டீசும் முடியணும். ஒருநாள் முன்னே பின்னே இருந்தாலும் செல்லாது. வாடகை என்னிக்குக் குடுப்பே?"

"பிறை தெரிஞ்ச மறுநாள் சார்."

கிருஷ்ணராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொரு தரம் சொல்லு."

"பிறை தெரிஞ்ச மறுநாள். சாயபு ஊட்ல எல்லா வாடகையும் அப்படித்தான் சார். ரசீது இருக்குது."

சாயபுவின் வீட்டு வழக்கம் அது. வாடகை சந்திரன் கணக்கில் வசூலாகும். சந்திரன் மாதம் இருபத்தொன்பது நாளிலோ முப்பது நாளிலோ முடிந்துவிடும். வருஷத்துக்குப் பதினோரு நாள் மிச்சம். பதினாலு வருஷத்தில் ஐந்து மாத வாடகையைப் பெருமாள் கூடுதலாகக் கொடுத்திருந்தான். வானத்தைப் பார்த்துக் கொடுத்ததால் அது அவனுக்கு உறைக்கவில்லை.

பெருமாள் காலி செய்யாததால் சாயபு போட்ட கேஸ் நவம்பரில் விசாரணைக்கு வந்தது. ஊரில் பாதிப்பேர் கோர்ட்டில் இருந்தார்கள். 'இங்கிலீஷ் மாசக் கணக்குன்னு மட்டும் சொல்லுங்க, வேற வாயே திறக்காதீங்க' என்று பக்தவச்சலம் சாயபுவுக்குச் சொல்லித்தான் கூண்டில் ஏற்றினார். ஆனால் மாதாமாதம் பிறை பார்க்கிற ஊர்ப் பிறை கமிட்டிக்குச் சாயபுதான் பிரசிடெண்டு. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

கிருஷ்ணராஜ் ரசீதுகளை நீட்டினார். "சாயபு, இதெல்லாம் உங்க கையெழுத்துத்தானே?"

"ஆமா."

"ரஜப், ஷாபான்னு மாசம் போட்டிருக்கீங்களே. நீங்க நடத்துறது இங்கிலீஷ் மாசம்னு பிராதுல இருக்கு?"

பக்தவச்சலம் ஆட்சேபிக்க எழுந்தார். சாயபு கையைக் காட்டி அவரை உட்காரவைத்தார்.

"இன்னா பேச்சு இது? நான் ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்தவன். பாட்டன் காலத்துலேருந்து எங்க வீட்ல எல்லாம் பிறை பாத்துத்தான். ஜனவரி பிப்ரவரியெல்லாம் நம்ம கிட்ட கெடையாது."

கூட்டத்தில் மெச்சும் முனகல் எழுந்தது. சாயபு தாடியைத் தடவிக்கொண்டார்.

"ரொம்ப சரி. ஷாப்பு ஆளுங்களுக்குக் கூலியும் பிறை பாத்துத்தான் குடுக்கிறீங்களா?"

சாயபு தடவுவதை நிறுத்தினார். "அது... அது கவர்மெண்டு மாசம்."

கூட்டத்தின் பின்வரிசையில் ஷாப்பு ஆட்கள் நின்றிருந்தார்கள். சிரிப்பு அங்கேதான் கிளம்பியது. முன்சீப் மேஜையைத் தட்டி அடக்க வேண்டியதாயிற்று. தட்டுவதற்குமுன் அவரும் கொஞ்ச நேரம் குனிந்து எதையோ தேடினார். நோட்டீஸ் குடித்தன மாதத்தோடு முடியவில்லை, ஆகவே செல்லாது என்று கேஸ் செலவுத் தொகையோடு தள்ளுபடியானது.

"கெடுத்துட்டீங்களே!" என்றார் பக்தவச்சலம் வராந்தாவில்.

"நான் உண்மையத்தானே சொன்னேன்?"

"உண்மையை நீங்களே சொல்றதுன்னா வக்கீல் எதுக்கு?"

இரண்டாவது நோட்டீஸ் எழுத உட்கார்ந்தபோது ரம்ஜான் மாதம் பிறந்து பத்து நாளாகியிருந்தது. பக்தவச்சலம் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு கேட்டார். "சரி, பிறைக் கணக்கே இருக்கட்டும். ரம்ஜான் மாசம் எந்தத் தேதியில முடியுது?"

மக்பூல் சொன்னார். "இருபத்தாறாம் தேதி முடியும் சார். இல்லாட்டி இருபத்தேழு."

"எதுய்யா?"

"பிறை தெரிஞ்சாத்தான் சார் சொல்ல முடியும். இருபத்தொம்பதாம் நோன்பு அன்னிக்கு சாயந்தரம் பாப்போம். தெரிஞ்சா மாசம் முடிஞ்சுது. தெரியலன்னா இன்னும் ஒரு நோன்பு."

"தன் சாவு தேதி தனக்கே தெரியாத மாசமா இருக்கே!"

"மனுசனுக்கும் அப்படித்தானே சார்" என்றார் மக்பூல். பிறகு தயங்கி, "ரம்ஜான் மாசம் முடியுற அன்னிக்குன்னு பொதுவா எழுதிட்டா ஆவாதா?" என்று கேட்டார்.

அந்த யோசனை சரியானது. அதனாலேயே பக்தவச்சலத்துக்குக் கோபம் வந்தது. பி.எல். படித்தவர் ஒருவர் இருக்கும் அறையில் சரியான யோசனை கணக்குப்பிள்ளையிடமிருந்து வரலாமா?

"தேதி இல்லாத நோட்டீஸ் தலை இல்லாத முண்டம்! உனக்கு ஆட்டுத்தோல் எண்ணத் தெரியும், அதைச் செய்." சொல்லிவிட்டு அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். ரம்ஜான் பண்டிகைக்குச் சர்க்கார் லீவு இருபத்தேழாம் தேதி என்று சிவப்பில் அச்சிட்டிருந்தது. "பாத்தியா? சர்க்காரே இருபத்தேழு பண்டிகைன்னு போட்டுட்டான். அப்ப மாசம் இருபத்தாறுல முடியுது. சர்க்கார் லீவு விட்டப்புறம் சந்திரன் வராம எங்க போயிடும்?"

டிசம்பர் இருபத்தாறு முடியக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது. கிருஷ்ணராஜ் அதைப் படித்தார். பெருமாளையும் கங்கம்மாளையும் பார்த்தார்.

"இந்தத் தடவை கொஞ்சம் பலமாத்தான் இருக்கு. மாசம் இருபத்தாறுல முடிஞ்சா நோட்டீஸ் செல்லும், நீங்க கிளம்ப வேண்டியதுதான். ஒருநாள் தள்ளிப் போச்சுன்னா செல்லாது."

"யாரு சார் அத முடிவு பண்றது?" என்றான் பெருமாள்.

"சந்திரன்."

"அதுக்கு வக்கீல் யாரு?" என்று கேட்டாள் கங்கம்மாள்.

இருபத்தாறாம் தேதி சாயந்தரம் ஊரே மாடியில் இருந்தது. மேற்கே மலைப் பக்கம் மேகம், சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோல் மாதிரி, வெளுத்தும் கறுத்தும் மடிப்பு மடிப்பாய்க் கிடந்தது. தையல்காரர்கள் மேகத்தைப் பார்த்து நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். அவர்களுக்கு இன்னும் நூறு சட்டைக்குப் பித்தான் பாக்கி. பெண்கள் பிறை தெரியாமல் போனால் பேரீச்சம்பழம் ஊறவைக்க ஒருநாள் கிடைக்குமே என்று கணக்குப் போட்டார்கள். பெருமாளும் கங்கம்மாளும் தங்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பிறையைக் காணாமல் இருக்க வேண்டுமே என்று அவ்வளவு அக்கறையாக வானத்தைத் தேடிய இரண்டு பேர் அந்த ஊரில் அதற்குமுன் இருந்ததில்லை.

எதிரே பங்களா மாடியில் சர்தார் பாஷா சாயபு, பெங்களூர்க் குதிரைப் பந்தயத்துக்கு என்று வாங்கிய தூரதிருஷ்டிக் கண்ணாடியோடு நின்றார். ஒரு பக்கம் மக்பூல். மறுபக்கம் டிரைவர் ரஃபி அகமது.

"அதோ!" என்றார் சாயபு.

"எங்க மொதலாளி?"

"அதோய்யா, தென்னமரத்துக்கு மேல! பாத்தியா?"

ரஃபி கண்ணைச் சுருக்கினான். "தென்னமரம் தெரியுதுங்க."

"அதுக்கு மேல!"

"மேல மேகம் தெரியுதுங்க."

"மேகத்துக்குள்ளடா!"

"ஆங், இருக்குமுங்க" என்றான் ரஃபி. மாசாமாசம் கவர்மெண்டுக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன சொல்வான்.

மூவரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். காஜி ஜியாவுல்லா ஹஸ்ரத் நோன்பு திறந்துவிட்டு, அப்போதுதான் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்திருந்தார். ஒடிசலான மனிதர், குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. நகரா முரசுக்குப் பக்கத்தில் அடிக்கிற ஆள் குச்சியோடு தயாராக இருந்தான். அவர் தலையசைத்தால் அடி விழும். விழுந்தால் நாளைக்கு ரம்ஜான் பெருநாள்.

"பிறை பாத்தாச்சு ஹஸ்ரத். நகரா அடிக்கச் சொல்லுங்க" என்றார் சாயபு.

"மாஷா அல்லாஹ். யார் யார் பாத்தாங்க?"

"நான். இவங்க ரெண்டு பேர்."

வானம் மூடியிருந்தால் பெருநாள் பிறைக்கு இரண்டு நல்ல சாட்சிகளாவது வேண்டும். காஜி முதலில் ரஃபியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். "கொம்பு எந்தப் பக்கம் இருந்துச்சு தம்பி?"

"மொதலாளி எந்தப் பக்கம் சொன்னாரோ அந்தப் பக்கங்க."

"அவரு எந்தப் பக்கம் சொன்னாரு?"

ரஃபி யோசித்தான். "அத இன்னும் சொல்லலீங்க."

அவனை உட்காரச் சொல்லிவிட்டு மக்பூலைக் கூப்பிட்டார். "மக்பூல் பாய், இருபத்தொம்பது நோன்பு வச்ச வாய். யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க பாத்தீங்களா?"

மக்பூலுக்கு ஐம்பது வயது. இருபத்தைந்து வருஷமாகச் சாயபு காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர். அவர் சாயபுவைப் பார்த்தார், காஜியைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார்.

"மொதலாளி பாத்ததை நான் பாத்தேன் ஹஸ்ரத்."

"பிறையை?"

"பிறையை மொதலாளி பாத்தாரு. மொதலாளியை நான் பாத்தேன்."

பள்ளிவாசலில் எவனோ தும்மினான். அல்லது சிரிப்பைத் தும்மலாக மாற்றினான். காஜி எழுந்தார்.

"ஒரு சாட்சி போதாது. நாளைக்கு முப்பதாம் நோன்பு."

"ஹஸ்ரத், நான் பிறை கமிட்டி பிரசிடெண்டு!"

"பிரசிடெண்டுக்கும் கண்ணு ரெண்டு இருக்கலாம், சாட்சி ஒண்ணுதான் பாய். நீங்க நெசமாவே பாத்திருந்தாலும் நாளைக்கு நோன்பு வைங்க. தனியாப் பாத்தவனும் ஊரோட சேந்து வைக்கணும்னுதான் கிதாபு சொல்லுது."

நகராக்காரன் குச்சியைக் கீழே வைத்தான். தையல்காரர்கள் ஓடினார்கள்.

மறுநாள் சாயபு நோன்பு வைத்தார். வைத்ததோடு நிற்கவில்லை. முப்பதாம் நோன்புக் கஞ்சி வருஷாவருஷம் அவர் செலவு. ஒலிபெருக்கி இல்லாத அந்தக் காலத்தில் ஆளை விட்டுத் தெருத்தெருவாகச் சொல்லச் செய்து, நாலு அண்டாக் கஞ்சியைத் தம் கையாலேயே ஊற்றினார். அதற்கு மறுநாள், இருபத்தெட்டாம் தேதி, ஈத்கா மைதானத்தில் முதல் வரிசையில் நின்று பெருநாள் தொழுதார். சட்டம் வேறு, கஞ்சி வேறு என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

ஜனவரியில் பக்தவச்சலம் இரண்டாவது பிராதைத் தாக்கல் செய்தார். 'ரம்ஜான் மாதம் டிசம்பர் 26 அஸ்தமனத்தோடு முடிந்தது. வாதி தம் கண்ணாலேயே பிறை கண்டார். காஜியின் முடிவு சிவில் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது' என்று அதில் கம்பீரமாக எழுதியிருந்தது. படித்துக் காட்டியபோது சாயபுவுக்கே தாம் பிறையைக் கண்டதாக ஒரு நம்பிக்கை வந்தது.

பத்து நாளில் கிருஷ்ணராஜின் பதில் வந்தது. அதோடு சாட்சிப் பட்டியல். காஜி ஜியாவுல்லா, மக்பூல் அகமது, ரஃபி அகமது. கடைசியில் வாதியிடம் கேட்கப் போகும் ஒரே ஒரு கேள்வியை மரியாதையாக முன்கூட்டியே எழுதியிருந்தார்.

பக்தவச்சலம் அதைச் சத்தமாகப் படித்தார். "'இருபத்தாறாம் தேதி வாதி பிறை கண்டது உண்மையானால் இருபத்தேழு பெருநாள். பெருநாளில் நோன்பு வைப்பது அவர் மார்க்கத்தில் விலக்கப்பட்டது. அன்றைக்கு அவர் நோன்பு வைத்தாரா, சாப்பிட்டாரா?'" தலையை உயர்த்தினார். "சாப்பிட்டேன்னு சொல்லிடுங்க."

"கஞ்சி ஊத்தினேனேய்யா! ஊரே வந்து குடிச்சுது!"

"அப்ப நோன்பு வச்சேன்னு சொல்லுங்க."

"பெருநாள்னு தெரிஞ்சே நோன்பு வச்சேன்னு கோர்ட்ல சொல்லவா? காஜி சொன்னாருன்னு வச்சேன்னா, காஜி சொன்ன மாசம்தான் மாசம்னு ஆவுது. பிறையே பாக்கலன்னு சொன்னா பொய் சாட்சிக்கு ஆள் கூட்டிட்டுப் போனவன்னு ஆவுது."

"பாவம் புண்ணியம் சிவில் கோர்ட்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். ஆட்சேபிப்பேன்."

"கோர்ட்டுக்கு சம்பந்தமில்லய்யா, ஊருக்கு சம்பந்தம்! கலெக்டர் கச்சேரியில இவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு விசாரிச்சா அந்தக் காஜிகிட்டத்தான் மொதல்ல கேப்பான்!"

சாயபு அவ்வளவு பெரிய உண்மையை அதற்குமுன் சொன்னதில்லை. பக்தவச்சலம் கூரைப் பக்கம் இருந்த புத்தகங்களை நிமிர்ந்து பார்த்தார். அவை அங்கேயே இருந்தன.

மறுநாள் மக்பூல் பெருமாளின் வாசலுக்கு வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்து பேசினார்.

"பேஜார் வாணாம் பெருமாளு. மொதலாளி நூறு ரூபா குடுக்கறேங்கறாரு. வேற எடம் பாத்துக்கோ."

"நூறு ரூபாய வாங்கிக்கினு கல்லை எங்க நடறது பாய்? உங்க ஊட்டுக் கூடத்துலியா?" என்றாள் கங்கம்மாள்.

"அப்ப இன்னாதாம்மா வேணும்?"

"எழுதிக் குடுக்கச் சொல்லு. நாளைக்கொரு நோட்டீசு வந்துச்சுன்னா வானத்தைப் பாத்துக்கினே உக்காந்திருக்க முடியாது. வருசக் கணக்குல எழுதி ரெஜிஸ்தர் பண்ணட்டும். கேஸைத் திரும்ப எடுத்துக்கட்டும். யாரும் யாரையும் கேள்வி கேக்கத் தேவையில்ல."

பேரம் ஒரு வாரம் நடந்தது. பத்து வருஷம் என்று இவள் ஆரம்பித்தாள், ஒரு வருஷம் என்று சாயபு ஆரம்பித்தார், ஐந்தில் நின்றது. ரெஜிஸ்தர் ஆபீசில் கிருஷ்ணராஜ் பத்திரத்தை வரி வரியாகப் படித்துக்காட்டினார். 'ஐந்து வருட காலம்' என்ற இடம் வந்தபோது சாயபு கனைத்தார்.

"எங்க வீட்டு வழக்கப்படி பிறைக் கணக்குன்னு சேத்துக்குங்க."

தோற்ற இடத்திலும் வருஷத்துக்குப் பதினோரு நாள் வீதம் ஐம்பத்தைந்து நாளைத் திருப்பி எடுத்துவிடப் பார்த்தார் மனிதர். கிருஷ்ணராஜ் வாயைத் திறப்பதற்குள் கங்கம்மாள் முந்திக்கொண்டாள்.

"வாணாம் சாமி. நீங்க கூலி குடுக்கற மாசத்தையே போடுங்க. வாடகையும் அந்த மாசத்துலியே குடுக்கறோம்."

கிருஷ்ணராஜ் 'இங்கிலீஷ் கணக்கு' என்று எழுதினார். சாயபு கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு ரெஜிஸ்தரார் பக்கம் திரும்பி, "ஏழை ஜனங்க மேல இரக்கப்பட்டுத்தான் எழுதிக் குடுக்கறேன். அதையும் ஒரு வரி போட்டுக்கலாமே? கலெக்டர் கச்சேரிக்கு ஒரு நகல் அனுப்பணும்" என்றார்.

"அதுக்கு இந்தப் பாரத்துல எடம் இல்லீங்க" என்றார் ரெஜிஸ்தரார், முத்திரையை ஊதிக்கொண்டே.

பெருமாள் கட்டைவிரலை உருட்டினான். கங்கம்மாள் ரெஜிஸ்தராரிடம் கேட்டாள். "ஐயா, அஞ்சு வருசம் முடிஞ்சா?"

"முடிஞ்சா அவர் இஷ்டம். இன்னொரு பத்திரம் எழுதலாம். இல்லாட்டி வாடகை வாங்கிக்கிட்டு மாசக் குடித்தனமா வுடலாம். அப்ப பதினஞ்சு நாள் நோட்டீஸ் குடுத்தாப் போவணும்."

"சரியா எழுதிக் குடுத்தா?"

"சரியா எழுதிக் குடுத்தா."

அவள் விரல் மடித்து எண்ணினாள். பெரிய பெண்ணுக்கு இப்போது ஒன்பது. அதற்குள் பதினாலு. பத்திரத்தின் நகலைப் பெருமாள் கையை நீட்டியும் கொடுக்காமல் தானே வாங்கி, நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் வீட்டுப்பக்கம் திரும்பாமல் கடைத்தெருப் பக்கம் நடந்தாள்.

"எங்க போறே?" என்றான் பெருமாள்.

"கல்லு வாங்க. தேஞ்சு தேஞ்சு தோசைக்கல்லு மாதிரி ஆய்ப்போச்சு. எங்க நடறதுன்னு தெரியாமத்தானே ஒரு வருசமா வாங்காம கெடந்தே?"

மத்தியானம் புதுச் சாணைக்கல் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. கல்லைத் தாங்குகிற மரத்தூணுக்குப் பெருமாள் இடுப்பளவு குழி வெட்டினான். எதிர் மாடியிலிருந்து சாயபு பார்த்துக்கொண்டிருந்தார். கங்கம்மாள் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு முழம் ஆழமாக வெட்டச் சொன்னாள்.